இரண்டு அமுலுவும் என் சான்றிதழும்

எங்கள் கணினி மையத்தின் உதவிக் கவுண்டரை மூடிவிட்டார்கள். போன மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்கு. ஜன்னலுக்குப் பிளைவுட் அடித்து அதன் மேல் ஒரு கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள். போனைக் காட்டினால் ஒரு ரோபோ வருகிறது. என்ன கேட்டாலும் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்கிறது. முப்பது வருஷமாக நாங்களும் அதையேதான் சொன்னோம். ஆனால் நாங்கள் அலுத்துக்கொண்டே சொல்வோம். மாணவர்களுக்கு அதில் ஒரு நம்பிக்கை இருந்தது.

நான் ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. மையத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் போன் செய்து, "சார், நீங்க பார்த்ததுலயே கஷ்டமான கேஸ் ஒண்ணு எழுதிக் குடுங்க. ரோபோவுக்குப் போட்டு வைக்கலாம்" என்றார்கள். எழுதியிருக்கிறேன். ரோபோவுக்கு இதனால் என்ன பயன் என்று எனக்குத் தெரியாது. இதில் தப்புச் செய்தவன் நான். அந்தப் பக்குவம் அதற்கு வர இன்னும் நாளாகும்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. இங்கே தேதிகளை விட்டுவிட்டேன், கிழமையும் நேரமும் மட்டும் இருக்கின்றன. தேதியைப் போட்டால் யார் யார் என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். பேர்களையும் மாற்றியிருக்கிறேன், ஒன்றைத் தவிர. அந்தப் பேரை மாற்றினால் கதையே இல்லை. அதனால் பாதகமில்லை, சத்தியவேடு பக்கம் கல்லெறிந்தால் ஒரு அமுலு மேல்தான் விழும்.

என் ஊர் நகரி. வீட்டில் ஆறு பவர்லூம். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு சர்வர் அறை தியான மண்டபம் மாதிரி இருந்தது. சித்தூரில் டிப்ளமா, அங்கேயே டைப்ரைட்டிங், பிறகு திருப்பதியில் இந்தப் பல்கலைக்கழகம். நான் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. கம்ப்யூட்டருக்கு ஏசி, எங்களுக்கு டேபிள் ஃபேன். ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபரேட்டர் ஒருவர் சர்வருக்குச் சந்தனம் வைத்தார், வைத்த இடம் காற்றுப் போகும் ஓட்டை. பிறகு கற்பூரம் காட்டினார். புகை மணி அடித்து மொத்தக் கட்டடத்துக்கும் கரண்ட் போயிற்று. "சாமி ஏத்துக்கினாரு" என்றார் அவர்.

அதன்பிறகு வந்தது ஹாஸ்டல் வைஃபை. மலையடிவாரம் என்பதால் எங்களுக்கு வைரஸைவிடக் குரங்குத் தொல்லை அதிகம். டிசம்பர் குளிரில் வைஃபை பெட்டி இளஞ்சூடாக இருக்கும். குரங்கு அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும், சும்மா உட்கார்ந்தாலும் பரவாயில்லை, ஒயரையும் பிடுங்கும். புகார்ப் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் நான் 'குரங்கு' என்று எழுதியதைப் பார்த்து ஆடிட்டர் விளக்கம் கேட்டார். 'வால் உள்ளது' என்று எழுதி அனுப்பினேன். அந்தக் காலத்தில் எனக்கு வாய் அதிகம்.

கவுண்டரில் என்னுடன் இருந்தவர் பத்மா மேடம். காளஹஸ்திக்காரர். எங்கள் முக்கால்வாசி வேலை மறந்துபோன பாஸ்வேர்டைத் திருப்பிக் கொடுப்பது. அதற்கு ஒரு முறை உண்டு. அடையாள அட்டையை வாங்கி, பேர், பிறந்த தேதி, துறை மூன்றையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் புதுப் பாஸ்வேர்ட். இவ்வளவு காவலும் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாணவர்கள் வாசல் தாண்டுவதற்குள் 'கோவிந்தா123' என்று மாற்றிவிடுவார்கள். பெருமாள் நினைத்திருந்தால் பாதி வளாகத்தின் மெயிலைப் படித்திருக்கலாம். அவருக்கு வேறு வேலை இருந்தது.

எங்கள் டைரக்டர் சுதாகர் சார். தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார், கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். சட்டைப் பையில் பேனா இருந்தாலும் எடுக்க மாட்டார், எதற்கும் பென்சில்தான். எங்களை ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் நகரி, பத்மா மேடம் காளஹஸ்தி. எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும் மூன்றே கேள்வி கேட்பார். "ஏமி மாறிந்தி? எவரு மார்ச்சேரு? எப்புடு?" என்ன மாறியது, மாற்றியது யார், எப்போது. இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் அவர் அறைக்குள் போனால் உட்காரச் சொல்ல மாட்டார். பதிலோடு போனாலும் சொல்ல மாட்டார் என்பது வேறு விஷயம்.

அவர் கொண்டுவந்த ஒரு வழக்கம் திங்கட்கிழமைச் சோதனை. மாணவர்கள் சேமித்து வைக்கும் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு நகல் எடுத்து வைப்போம். நகல் எடுப்பது பெரிதல்ல, அதிலிருந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி என்பார். ஆகவே திங்கள்தோறும் காலை பத்து மணிக்கு நகலிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்த்து, பதிவேட்டில் 'சரி' என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் அவர் பென்சிலால் ஒரு டிக் போடுவார்.

நான் ஒரு திங்கள்கூடத் தவறவில்லை. ஆனால் 'ஏதாவது ஒரு ஃபைல்' என்பதை நான் எப்போதும் ஒரே ஃபைலாக வைத்துக்கொண்டேன். கேன்டீன் விலைப்பட்டியல். சின்ன ஃபைல், சட்டென்று வரும், திறந்தால் முதல் வரியில் இட்லி. இட்லி தெரிந்தால் 'சரி'. மூன்று வருஷம் இட்லியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பதிவேட்டைப் போல அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு அந்த வளாகத்திலேயே கிடையாது.

இப்போது கேஸுக்கு வருகிறேன்.

மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: ஒரு மாணவருக்கு ஒரே கணக்குதான் இருக்க வேண்டும். எங்களிடமே டிகிரி படித்துவிட்டு எம்.எஸ்சி. சேருபவர்களுக்கு இரண்டு கணக்கு இருந்தது, பழையது ஒன்று, புதியது ஒன்று. இரண்டையும் இணைத்து, பழையதில் இருப்பதைப் புதியதற்குள் கொட்டிவிட்டுப் பழையதை மூட வேண்டும். இரண்டு கணக்கும் ஒரே ஆளுடையதுதான் என்று எப்படித் தெரியும்? கூட்டத்தில் ஏழு பேர் இருந்தோம். விதியைச் சொன்னவன் நான். பேரும் முன்பேரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் ஆறு பேரும் தெலுங்குக்காரர்கள், அவர்களுக்கு இது நியாயமாகத்தான் தோன்றும். அவர்கள் பேருக்கு முன்னால் முழு நீளத்துக்கு ஒரு வீட்டுப் பேர் இருக்கும். வீட்டுப் பேர், சொந்தப் பேர், பிறந்த நாள் மூன்றும் இரண்டு பேருக்கு ஒத்துப்போவது அபூர்வம்.

எங்கள் எல்லையோரத் தமிழர்களுக்கு முன்பேர் என்றால் அப்பாவின், எங்கள் பேச்சில் நைனாவின், பேருடைய முதல் எழுத்து ஒன்றுதான். பிறந்த தேதி அதைவிட வேடிக்கை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தேதி தெரியாவிட்டால் ஹெட்மாஸ்டர் ஒன்றைப் போடுவார். அவருக்கு வசதியான தேதி ஜூன் ஒன்று. எங்கள் பக்கத்தில் ஊரே ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தது. நானும்தான். என் அம்மாவைக் கேட்டால், "ஆடி மாசம், மழை, கரண்ட் இல்ல, தறி நின்னுகினு இருந்துது, அப்ப பொறந்தே" என்பாள். ஆடிக்கும் ஜூன் ஒன்றுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் ஹெட்மாஸ்டர் சொன்ன நாளில் பிறந்து, அந்தக் கணக்கில் ரிட்டையரும் ஆகிவிட்டேன். அந்த அறையில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். விதியைச் சொன்னவனும் நானே.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு இணைப்பை ஓட்டினேன். பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

புதன்கிழமை காலை பத்து இருபது. கவுண்டருக்கு ஒரு பெண் வந்தாள். ஒல்லி, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் தாள்கள். எம்.எஸ்சி. தாவரவியல் கடைசி செமஸ்டர். வே. அமுலு.

"சார், என் அக்கவுண்ட் தொறக்கல சார்."

"பாஸ்வேர்ட் மறந்துட்டியாம்மா?"

"மறக்கல சார். அக்கவுண்டே இல்லன்னு சொல்லுது."

"அப்படிச் சொல்லாது."

"சொல்லுது சார். இன்னா பண்றது, நீங்களே கேளுங்க" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

போன் சரியாகத்தான் சொன்னது. கம்ப்யூட்டரில் எல்லாம் இங்கிலீஷ், அதில் 'V. அமுலு' என்று இரண்டு பேர். ஒருத்தி இவள். இன்னொருத்தி எம்.பி.ஏ. முதல் வருஷம். இரண்டு பேரும் சத்தியவேடு மண்டலம், வேறு வேறு ஊர், படித்தது ஒரே பள்ளி. பிறந்த தேதி ஜூன் ஒன்று. வருஷம்கூட ஒன்றுதான், எம்.பி.ஏ.காரி டிகிரி முடித்து ஒரு வருஷம் ஃபேக்டரியில் வேலை செய்துவிட்டு வந்தவள். என் விதிப்படி இருவரும் ஒரே ஆள். மூத்த கணக்கு, அதாவது இவளுடையது, மூடப்பட்டுவிட்டது.

"உங்க நைனா பேரு?"

"வேலு சார்."

"அவ நைனா வெங்கடேசன்" என்றார் பத்மா மேடம் எம்.பி.ஏ.காரியின் சேர்க்கைத் தாளைப் பார்த்து. ஒரு எழுத்துக்குப் பின்னால் இரண்டு அப்பன்கள்.

"உன் அக்கவுண்ட்ல என்ன வச்சிருந்த?" என்று கேட்டேன்.

"ப்ராஜெக்ட் சார். வெள்ளிக்கெழமை அஞ்சு மணிக்குள்ள ஏத்தணும்."

அவளிடம் லேப்டாப் கிடையாது. எங்கள் லேபிலேயே உட்கார்ந்து எழுதி, எங்கள் இடத்திலேயே சேமித்தவள். அப்படிச் செய்யச் சொல்லி லேப் சுவரில் எழுதி ஒட்டியிருந்ததும் நாங்கள்தான்: 'பென்டிரைவை நம்பாதீர்கள். இங்கே சேமியுங்கள்.' ராமகுப்பம் பக்கத்து மல்பெரித் தோட்டங்களுக்கு எட்டு மாதம் வாராவாரம் பஸ்ஸில் போய், இலைப்புள்ளி நோயை மதிப்பெண் போட்டு அட்டவணை எடுத்திருந்தாள். கெட்டுப்போகாத இலைக்குச் சுழி, முழுக்கக் கெட்டதற்கு ஐந்து. அட்டவணை, படங்கள், எழுத்து, எல்லாம் அதில்தான். வெள்ளிக்கிழமை தவறினால் அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து. சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபேக்டரி லேபில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். இந்தத் தடவை ரிசல்ட்டோடு போனால்தான் அது.

"கவலைப்படாதே, பேக்கப் இருக்கு" என்றேன். பதிவேட்டை எடுத்து அவளிடம் காட்டவும் செய்தேன். வாரம் தவறாமல் 'சரி', 'சரி', 'சரி'.

நகலைத் திறந்தேன். கேன்டீன் விலைப்பட்டியல் இருந்தது. மாணவர்களின் ஃபைல்கள் இல்லை. தசரா விடுமுறையில் மாணவர்களின் ஃபைல்களைப் புது டிஸ்க்குக்கு மாற்றியிருந்தோம். நகல் எடுக்கும் பட்டியலில் அந்தப் புது டிஸ்க்கைச் சேர்க்கவில்லை. ஐந்து மாதமாக எங்கள் அலுவலக ஃபைல்களை மட்டுமே, பழைய நகலை அழித்து அதன் மேலேயே, நகல் எடுத்துவந்தோம். இட்லி பத்திரமாக இருந்தது.

பத்மா மேடம் என்னைப் பார்த்தார். "வேற ஒரு ஃபைல எடுத்துப் பார்க்கணும்னு ஒரு திங்கக்கிழமகூடத் தோணலியா தேவராஜு?"

தோன்றவில்லை.

ஒரே வழி மிச்சமிருந்தது. பழைய கணக்கில் இருந்ததெல்லாம் புதிய கணக்குக்குள் போயிருக்கும். அதாவது எம்.பி.ஏ. அமுலுவிடம். எழுந்து ஓடாத குறையாக எம்.பி.ஏ. கட்டடத்துக்குப் போனோம், நானும் இந்த அமுலுவும். பதினொன்று ஐம்பது. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவளைவிடக் குள்ளம், இரட்டைப் பங்கு சத்தம்.

"அமுலு?"

"ஆமா சார்."

"இவளும் அமுலு."

"அய்ய, நீதானா அது!" என்றாள் எம்.பி.ஏ. அமுலு. "ஸ்கூல்ல ஒரு செக்‌ஷன் தள்ளி இருந்தல்ல. உன் லீவு லெட்டரெல்லாம் என் அட்டெண்டன்ஸ்ல சேத்துடுவாங்களே. துன்னியாடி? உக்காரு."

"உன் அக்கவுண்ட்ல திங்கக்கிழமை ஏதாவது புதுசா வந்திருந்துதா?" என்றேன் நான்.

"வந்துது சார். 'பழையது'ன்னு ஒரு ஃபோல்டர். ஒரே எலை எலையா படம். புள்ளி வெச்ச எலை. எவனோ வைரஸ் அனுப்பிட்டான்னு நெனச்சேன். எடம் ஃபுல்லு ஃபுல்லுன்னு கத்திக்கினே இருந்துது. அழிச்சுட்டேன்."

"குப்பைத்தொட்டியில இருக்கும்ல?"

"அதையும் காலி பண்ணிட்டேன் சார். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணாதான் எடம் வரும்னு உங்க லேப் செவுத்துலயே எழுதி ஒட்டிக்கீதே."

ஒட்டியிருந்தது. என் கையெழுத்தில்.

தாவரவியல் அமுலு படிக்கட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மடியில் இருந்த கவரைப் பார்த்துக்கொண்டு, "எழுத்து இருக்குது சார். எங்க கைடு மேடம் செவப்பு மையில திருத்திக் குடுத்த பிரிண்ட் இதோ இருக்குது, திருப்பி அடிச்சுக்கலாம். அட்டவணைதான் இல்ல. பதினோரு தோட்டம். எட்டு மாசம்" என்றாள். "திருப்பி எட்டு மாசம் போனாலும் அந்த எலை இருக்காது சார்."

எம்.பி.ஏ. அமுலு டிபன் பாக்ஸை மூடினாள். என்னைப் பார்த்து, "சார், கொஞ்சம் அந்தாண்ட போங்க" என்றாள்.

போனேன். இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். முதலில் கிசுகிசு, பிறகு, "அடிப்பாவி!" என்று ஒரு குரல், பிறகு சிரிப்பு. சிரித்தது தாவரவியல் அமுலு.

விஷயம் இது. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் எம்.பி.ஏ. அமுலு புள்ளியியல் அசைன்மென்ட் ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு கடையில் வாடிக்கையாளர்களிடம் போய், சேவை எப்படி என்று சுழியிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் வாங்கி வந்து அட்டவணை போட வேண்டும். இவள் எந்தக் கடைக்கும் போகவில்லை. அந்த நேரம் பார்த்து 'பழையது' ஃபோல்டரில் ஓர் அட்டவணை. சுழியிலிருந்து ஐந்து வரை. அழகாகக் கட்டம் போட்டு. தலைப்பில் 'இலைப்புள்ளி நோய்' என்பதை எடுத்துவிட்டு 'வாடிக்கையாளர் திருப்தி' என்று போட்டாள். தோட்டத்தின் பேர்களைக் கடையின் கிளைகளாக மாற்றினாள். மாற்றியதைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கவில்லை, நேராகப் பிரிண்ட் எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டாள். மறுநாளே வகுப்பில் மார்க் சொன்னார்கள், இருபதுக்குப் பதினெட்டு. 'நம்பகமான தரவு' என்று பேராசிரியர் பாராட்டியும் எழுதியிருந்தார். எந்தத் தோட்டத்தில் இலை முழுக்க அழுகிப்போயிருந்ததோ, அந்தக் கிளையில்தான் வாடிக்கையாளர்கள் மிகவும் திருப்தியாக இருந்தார்கள்.

"எங்க சாருக்குத் தெரிஞ்சா என்ன கொன்னுடுவாரு சார்" என்றாள். "நான் சொன்னதா சொல்லாதீங்க. அசைன்மென்ட் அவரு பீரோல கீது."

மதியம் இரண்டே காலுக்கு அந்தப் பேராசிரியரைப் பார்த்தேன். கணினி மையத்துப் போர்டில் மாதிரிக்கு வைக்க நல்ல அசைன்மென்ட் ஒன்று வேண்டும் என்றேன். பெருமையாகப் பீரோவைத் திறந்து இருப்பதிலேயே சிறந்ததைக் கொடுத்தார். எது என்று சொல்ல வேண்டியதில்லை. அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு என்னை எங்கே பார்த்தாலும், "போர்டுல வெச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போர்டுக்கு ஆணி வரவில்லை, சுவர் ஈரம், குரங்கு கிழித்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்த்தேன்.

புதன் மதியமும் வியாழன் பகலும் எங்கள் லேபில் தட்டச்சு நடந்தது. பத்மா மேடம் எண்களைத் தெலுங்கில் வாசிக்க, தாவரவியல் அமுலு அடித்தாள். சிவப்பு மைப் பிரதியை எம்.பி.ஏ. அமுலு அடித்தாள். எங்கள் மூன்று பேரையும்விட வேகமாக அடித்தாள் என்பதைக் குறித்து வைக்க வேண்டும். நடுநடுவே, "இந்தக் கிளைல கஸ்டமருங்க ரொம்ப சந்தோஷம்டி" என்பாள், தாவரவியல் அமுலு, "போடி, அங்க புள்ளி விழுந்து தோட்டமே போச்சு" என்பாள். நான் மூடிய கணக்கைத் திறந்து, இருவரையும் திரும்ப இரண்டு ஆளாக்கினேன். இணைத்தபோது நாற்பத்தைந்து நிமிஷம். பிரிக்க ஒரு நாள் பிடித்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரைக்கு எல்லாம் தயார், படங்களைத் தவிர. படங்கள் எங்கேயும் இல்லை. அவள் போனில்கூட இல்லை, போனில் இடம் போதாமல் எங்களிடம் ஏற்றிவிட்டு அழித்திருந்தாள். அவளுடைய கைடு மேடம் கண்டிப்பானவர். படம் இல்லாத ப்ராஜெக்ட்டில் கையெழுத்துப் போட முடியாது என்றார். கொஞ்சம் யோசித்து, படங்கள் இருந்தன, இன்ன காரணத்தால் இல்லாமல் போயின என்று கணினி மையம் சான்றிதழ் கொடுத்தால், அதைப் படங்களின் இடத்தில் வைத்து ஒப்புக்கொள்வதாகச் சொன்னார்.

மூன்று ஐம்பதுக்குச் சான்றிதழை அடித்து சுதாகர் சாரிடம் கொண்டுபோனேன். 'தொழில்நுட்பக் காரணங்களால் படங்கள் கிடைக்கவில்லை.' அமுலு என் பின்னால் நின்றாள். அதுவரை சாருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவர் படித்தார். பென்சிலை எடுத்து 'தொழில்நுட்பக் காரணங்கள்' என்பதன் அடியில் கோடு போட்டார்.

"ஏமய்யா நகரி, டெக்னிக்கல் ரீசன்ஸ்னா எவரு? உன் மச்சானா?"

திரும்பி வந்து மாற்றினேன். நாலு ஐந்து. 'கணக்குகளை இணைக்கும்போது ஏற்பட்ட பிழையால் படங்கள் அழிந்தன.'

"ஏற்பட்ட பிழை" என்று வாசித்தார். "அது தானா ஏற்பட்டுதா? மழை மாதிரியா? எவரு மார்ச்சேரு?"

நாலு இருபது. 'கணினி மையத்தின் தவறால்.'

"கணினி மையம்னா இந்தக் கட்டடம். கட்டடம் தப்புப் பண்ணுமா?"

என்னை மூத்த புரோகிராமராக உயர்த்தும் கோப்பு அப்போது மேலே போயிருந்தது. அது சாருக்கும் தெரியும். ஒரு வரியில் என் பேரை எழுதினால் அந்தக் கோப்பு அங்கேயே படுத்துக்கொள்ளும். அத்தனை வருஷமாக ஊரார் செய்த தப்பையெல்லாம் நேரம் போட்டுக் குறித்தவனுக்கு, சொந்தத் தப்பை ஒரு வரி எழுத விரல் எழவில்லை. வாசலில் நின்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமுலு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சார், உண்மைய எழுதிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும் சார்."

குத்திக் காட்டவில்லை. பாஸ்வேர்ட் வேலை செய்யாதவனுக்குப் பத்மா மேடம் வழி சொல்வது மாதிரி சொன்னாள்.

கம்ப்யூட்டருக்குப் போக நேரமில்லை. அவள் கவரிலிருந்தே ஒரு வெள்ளைத்தாள் வாங்கிக் கையால் எழுதினேன். 'இந்த ஆய்வுக்காக மாணவி வே. அமுலு எடுத்த பதினான்கு படங்களும் அவருடைய தவறு ஏதும் இல்லாமல் அழிந்தன. இரண்டு மாணவிகளை ஒருவர் என்று கருதிய விதியை அமைத்தவன் நான். நகல் இருக்கிறதா என்று ஐந்து மாதமாகச் சரியாகப் பார்க்காமல் பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதியவனும் நானே.' கீழே பேர், பதவி, கையெழுத்து.

சுதாகர் சார் படித்தார். அன்றைக்குத்தான் அவர் பையிலிருந்து பேனாவை எடுத்ததைப் பார்த்தேன். என் கையெழுத்துக்குக் கீழே, 'அந்தப் பதிவேட்டில் வாராவாரம் டிக் போட்டவன் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "கூர்ச்சோ" என்றார். உட்கார் என்று. நான் உட்காரவில்லை, நேரமில்லை.

ஸ்கேனர் அறை வாசலில் அமுலு தாளை வாங்கி வாசித்தாள். முழுக்க வாசித்தாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். சொன்னாள்.

"பதினாலு இல்ல சார். பதினாறு."

அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். நாலு நாற்பத்தொன்பதுக்கு ப்ராஜெக்ட் ஏறியது. அவளுக்கு ரசீது வந்தது. எம்.பி.ஏ. அமுலு அவளை இழுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு மெமோ வந்தது. பதவி உயர்வு வரவில்லை. அடுத்த திங்களிலிருந்து சுதாகர் சார் கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் பென்சிலை வைப்பார், பென்சில் விழுந்த ஃபைலை நான் எடுத்துக் காட்ட வேண்டும். அமுலு பாஸ் செய்து அந்த ஃபேக்டரி லேபில் சேர்ந்தாள். வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் படங்களுக்குப் பதில் என் தாள் இருந்த பக்கத்துக்கு வந்ததும் வெகு நேரம் படித்தாராம். "இப்படி ஒரு பிளேட்டை நான் பார்த்ததில்லை" என்றாராம். ஆய்வில் படப் பக்கத்துக்கு அவர்கள் வைத்த பேர் பிளேட். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அந்த ஆய்வு கறுப்பு அட்டை போட்டு நூலகத்தில் இருக்கிறது. ரிட்டையர் ஆகும் முன் கடைசி வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் என் கையெழுத்துத்தான் இருக்கிறது, முழுப்பக்கத்துக்கு, திருத்தலோடு. கீழே அவள் மற்ற அட்டவணைகளுக்குப் போட்டது போலவே இதற்கும் ஒரு தலைப்புப் போட்டிருந்தாள்: 'படம் 1 முதல் 16 வரை.'